ஒட்டுப்போட்ட ஒயரில் வந்த தண்ணீர்

பித்தளைச் செருகி துளைக்குள் போய் உட்காரும்போது ‘டொக்’ என்று ஒரு சிறு சத்தம், அதன் பின்னால் யாரோ முறத்தில் மணலைப் போட்டு விடாமல் புடைப்பதுபோல ஒரு நீண்ட இரைச்சல், அந்த இரைச்சலின் அடியிலிருந்து, பம்பாயிலிருந்தோ கொழும்பிலிருந்தோ, ஒரு ஆண்குரல் மெல்ல மேலேறி வந்து ‘நான்தான்’ என்று சொல்லும். எமரன்சியா அதை முதன்முதலாகக் கேட்டபோது அவளுக்கு இருபத்தொரு வயது. உப்பளங்களும் துறைமுகமும் உள்ள அந்த ஊரின் டிரங்க் எக்ஸ்சேஞ்சில், காதுக்கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பத்தொன்பது வருடங்களில், ஆயிரக்கணக்கான ‘நான்தான்’களை அவள் கேட்டிருக்கிறாள். எல்லாமே வேறு பெண்களுக்கு வந்தவை. பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லாமல் ஒருத்தியின் காதுக்குள் உரிமையோடு நுழைகிற அந்த ஒற்றைச் சொல் அவள் விரல்களுக்கு நடுவே போயிற்று, அவள் செருகிக் கொடுத்த ஒயரில் போயிற்று, ஒருநாளும் அவளிடம் வந்து நிற்கவில்லை. அவள் வேலை இணைத்துவிடுவதும், மூன்று நிமிடம் முடிந்ததும் குறுக்கே புகுந்து, ‘மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?’ என்று கேட்பதும்தான். கணவர் உப்புக் கம்பெனி மேஸ்திரி. மாலை ஆறு மணிக்கு நடந்தே வீட்டுக்கு வந்துவிடுகிறவர். மனைவியைத் தொலைபேசியில் கூப்பிட ஒரு காரணமும் வாய்க்காமலே செத்துப்போனார்.

இப்போது அவளுக்கு அறுபத்தாறு. வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் சி பிளாக், மூன்றாவது மாடி. ஒரே மகன் கிளாட்வின் சரக்குக் கப்பலில் இன்ஜின் ஃபிட்டர். ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்குக் கூப்பிடுவான். பக்கத்து வீட்டில் நேவிஸ் மேரி. அவளும் கணவனை இழந்தவள், எமரன்சியாவைவிட எட்டு வயது இளையவள், சிரித்தால் சுவருக்கு இந்தப் பக்கம் தட்டு அதிரும். அவளுடைய ஒரே மகள் ஜெனிட்டா அயர்லாந்தில் நர்ஸ். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே இன்டர்நெட். ஒயர் மொட்டைமாடியிலிருந்து இறங்கி, எமரன்சியாவின் சமையலறை வென்டிலேட்டர் வழியாக உள்ளே வந்து, அடுப்பு மேடைக்கு மேலே இருந்த சின்னப் பெட்டியில் முடியும். அங்கிருந்து சிக்னல் சுவரைத் தாண்டி நேவிஸ் வீட்டுக்கும் போகும்.

ஒரு வைகாசியில், வென்டிலேட்டருக்குள் கூடு கட்ட இடம் பார்த்த அணில் ஒன்று, அந்த ஒயரை ஒரு முழ நீளத்துக்குக் கடித்துத் துப்பிவிட்டது. இணைப்புக் கொடுத்தவர்களுக்கு ஒன்பது நாள் ஃபோன் செய்தார்கள். ஒன்பது நாளும் ‘நாளைக்கு வந்துருவாங்க’ என்று பதில் வந்தது. ஒரு ஞாயிறு பேச்சில்லாமல் போயிற்று. பத்தாம் நாள் காலையில் எமரன்சியா ஸ்டூலை இழுத்துப் போட்டு, வாயில் பிளேடைக் கவ்விக்கொண்டு மேலே ஏறினாள். நேவிஸ் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எக்கா, ஷாக் அடிச்சா நான் ஸ்டூலப் பிடிக்கவா, உன்னையப் பிடிக்கவா?”

“இதுல கரண்டெல்லாம் கிடையாதுட்டி. பேச்சு மட்டுந்தான் போகும்.”

“அப்ப பேச்சு அடிக்கும். பிளேட வாயில இருந்து எடுத்துட்டுச் சொல்லு, பயமா இருக்கு.”

கடிபட்ட இரண்டு நுனிகளையும் இழுத்துப் பிடித்தாலும் ஒன்றையொன்று தொடவில்லை, நடுவில் ஒரு முழம் இடைவெளி. எமரன்சியாவிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் பழைய போர்டைக் கழற்றிப் போட்ட அன்று, குப்பையில் கிடந்த ஒயரில் ஒரு கை நீளம் வெட்டியெடுத்து அதில் சுருட்டி வைத்திருந்தாள், என்னத்துக்கு என்று தெரியாமலே. அதை எடுத்தாள். மேல்தோலைக் கீறி உரித்தாள். இன்டர்நெட் ஒயருக்குள் எட்டுக் கம்பி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக்கோடு போட்ட ஜோடி. பழைய ஒயரில் இருந்த நிறங்களோ வேறு. எதை எதோடு சேர்ப்பது என்று கேட்க ஆளில்லை. சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் ஜோடி சேர்த்து நிறுத்துவதுபோல முகம் பார்த்துச் சேர்த்து, எக்ஸ்சேஞ்சில் லைன்மேன்கள் செய்ததைப் பார்த்திருந்த முறையில், ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டி ஏழு முறுக்கு முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றினாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனிட்டா கூப்பிட்டாள். இந்தப் பக்கம், டேப் சுற்றிய இடத்திலிருந்து அடுப்பு மேடைமேல் ஒரு சொட்டு விழுந்தது. எமரன்சியா துடைத்தாள். இன்னொன்று விழுந்தது. மொட்டைமாடித் தொட்டி கசிகிறதோ என்று பார்த்தால் தொட்டி நான்கு நாளாகக் காய்ந்து கிடந்தது. கிண்ணத்தை வைத்தாள், நிறைந்தது, சட்டியை வைத்தாள், நிறைந்தது, சொட்டு நூலாகி, நூல் விரல் தடிமனாகிக் குடத்துக்குள் இறங்கியது. சுவருக்கு அப்பால் நேவிஸ் சிரித்தபோதெல்லாம் கனத்தது, அவள் மகள் சொல்வதைக் கேட்டு ‘ம்... ம்...’ என்று இருந்தபோதெல்லாம் இன்னும் கனத்தது. நாற்பது நிமிடத்தில் பேச்சு முடிந்தது, தண்ணீரும் நின்றது. ஆறு குடம்.

நேவிஸ் வந்து பார்த்தாள்.

“நல்ல தண்ணியாக்கா?”

“நல்ல தண்ணிதான். குடிச்சுப் பாத்தேன்.”

“அப்ப ஏன் ஒரு மாதிரி நிக்க? மூடி வை, பல்லி விழுந்துறப் போவுது.”

வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை மட்டும் லாரித் தண்ணீர் வருகிற இடம் அது. அடிபம்பில் வருவது உவர்ப்பு, அதில் பருப்பு வேகாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற வழக்கம் அங்கே யாருக்கும் இருந்ததில்லை, எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள். ஆகவே மூன்றே நாளில் சி பிளாக் முழுவதும், பிறகு குடியிருப்பு முழுவதும், பச்சை, நீலம், மஞ்சள் பிளாஸ்டிக் குடங்களோடு எமரன்சியாவின் மாடிப்படியில் வந்து நின்றது. சங்கச் செயலாளர் சங்கரவேல், உப்பள மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பாத்தியில் உப்பின் கடுமை பார்க்கிற கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து குடத்துக்குள் மிதக்கவிட்டார். அது கழுத்துவரை முங்கிற்று. ‘உப்பே இல்லை, குடிக்கலாம்’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, யார் யார் எந்த நேரத்தில் ஃபோனோடு எமரன்சியாவின் சமையலறையில் உட்காரலாம் என்பதற்கு ஒரு நேரப்பட்டியலும் ஒட்டினார். பங்குச் சாமியார் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, ஒரு நிமிடம் யோசித்து, கோயில் தொட்டிக்கும் இரண்டு குடம் அனுப்பச் சொன்னார்.

அந்த வருடம் முழுவதும் அந்தக் குடியிருப்பு தூரத்திலிருந்து வந்த பேச்சைக் குடித்தது. அயர்லாந்துத் தண்ணீரில் தேயிலை நன்றாகச் சாயம் இறங்கியது, சோப்பு நுரைத்தால் அலசி முடியவில்லை. தம்மாம் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது, பிள்ளைகளைக் குளிப்பாட்ட ஆயிற்று. சிங்கப்பூர்த் தண்ணீரில் ஒரு மணமும் இல்லையென்று சிலர் குறைப்பட்டார்கள். வெளியூரில் யாருமே இல்லாத கீழ்வீட்டுக்காரர்களுக்கும் ஆளுக்கொரு குடம் என்று சங்கரவேல் விதி போட்டார். அவர்கள் மற்றவர்கள்மேல் வைக்கப்பட்ட பிரியத்தில் சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் குனிந்த தலையோடு பாத்திரம் கழுவினார்கள்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் வரவில்லை, அங்கேதான் நெஞ்சு வேக ஆரம்பித்தது. படிக்கட்டில் ‘சாப்பிட்டாச்சா’ போய் ‘எத்தனை குடம்’ வந்தது. கத்தாரில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் பெண் கேட்டு வந்தவர்களிடம், முதலில் பையனை ஒரு ஃபோன் பேசச் சொல்லுங்கள் என்றார்கள். இரண்டாம் மாடி கதீஜாவின் புருஷன் தம்மாமில் டிரைவர். ஒரு மணி நேரம் பேசி அரை டம்ளர்தான் வந்தது. அவள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. யாரோ சொல்லிக் கொடுத்து, அடுத்த தடவை அவன் சின்ன வயதில் வளர்த்த ஆட்டைப் பற்றிப் பேசினான், இரண்டு குடம் கொட்டியது.

“செத்துப்போன ஆட்டுக்கு ரெண்டு குடம், எனக்கு அரை டம்ளர்,” என்றாள் கதீஜா, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே. “இருபது வருசமா உப்புப் பாத்துச் சமைச்சுப் போட்டவ நான். எமரம்மா, உங்க ஒயருக்குக் கண்ணு தெரியுமா?”

“எனக்கு என்னட்டி தெரியும். ஒயர் என்னதா இருந்தாலும் தண்ணி என்னது இல்லியே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளிடம் சிரிப்பு இல்லாமல் போய் மாதக்கணக்காகியிருந்தது. ஏனென்றால் அந்தச் சமையலறையில், அந்த ஒட்டுக்குக் கீழே, கிளாட்வின் பேசி ஒரு சொட்டுக்கூட விழுந்ததில்லை.

முதல் ஞாயிறு, குடத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, மூன்றரைக்கே நிமிர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். நாலு மணிக்கு மணி அடித்தது.

“என்னய்யா, சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்மா. நீ?”

“ஆச்சு. உடம்புக்கு எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு. உனக்குச் சர்க்கரை?”

“அப்படியேதான். கப்பல் எங்கன நிக்குது?”

“இன்னும் நாலு நாள் கடல்தான். அப்புறம்...”

“சரி. வைக்கட்டா?”

“சரிம்மா.”

குடத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். காய்ந்த பிளாஸ்டிக் வாடை. ஒட்டு தளர்ந்திருக்கலாம் என்று ஏறி டேப்பை இறுக்கினாள். அடுத்த ஞாயிறு வேறு குடம் வைத்தாள். அதற்கடுத்த ஞாயிறு, வெட்கத்தை விட்டு, ‘கடலைப் பத்தி ஏதாவது சொல்லேன்’ என்று கேட்டாள். ‘கடல் இருக்கும்மா’ என்றான் அவன். மாதங்கள் போயின. வாரம் மூன்று நாள், சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனிட்டா பேசப் பேச, இந்தப் பக்கம் அவள் அடுப்பு மேடையில், அவள் குடத்தில், அவள் கையாலேயே பிடித்து இறக்கிவைக்கும்படி, இன்னொருத்தியின் பிள்ளைப் பாசம் சலசலவென்று வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் உப்புக்காற்று பட்ட சுவர் எவ்வளவு சுண்ணாம்பு அடித்தாலும் மறுநாள் காலையில் பூத்து நிற்கும். அவள் பொறாமையும் அப்படித்தான் இருந்தது. காலையில் கோயிலுக்குப் போய் மண்டியிட்டுத் துடைத்துவிட்டு வருவாள், மாலையில் நேவிஸ் சிரிக்கும் சத்தத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். நேவிஸ் தண்ணீரில் அவள் சமைப்பதில்லை. உவர்ப்பில் வேகாத பருப்பை மென்று தின்றாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு புதன்கிழமை. மாலை ஐந்து மணி. அந்தப் பக்கம் பேச்சு தொடங்கி, தண்ணீர் என்றுமில்லாத வேகத்தில் இறங்கியது. குடம் கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்தது. எமரன்சியா சுவரில் காதை வைத்தாள். பத்தொன்பது வருடப் பழக்கம், காது தானாகவே இடம் கண்டுபிடித்துக்கொண்டது. ஜெனிட்டாவின் குரல் கேட்டது: ‘அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், முதல்ல உங்கிட்டதான் சொல்லுதேன்...’

முதல்ல உங்கிட்டதான். எமரன்சியா ஸ்டூலில் ஏறினாள். எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது ஒரே ஒருமுறை, கொழும்பிலிருந்து ஒருவன் மனைவியிடம் அழுதுகொண்டே பேசியபோது, தாங்க முடியாமல் செருகியைப் பாதி இழுத்துவிட்டு, ‘லைன் ஃபால்ட்’ என்று எழுதியவள் அவள். எப்படி இழுப்பது என்று விரல்களுக்குத் தெரியும். டேப்புக்கு அடியில் ஒரே ஒரு கம்பியை முறுக்கவிழ்த்துவிட்டாள். பச்சை விளக்கு செத்தது. தண்ணீர் ஒரு சொட்டில் தொங்கிக்கொண்டு நின்றது.

ஒரு நிமிடத்தில் நேவிஸ் கதவைத் தட்டினாள்.

“எக்கா, லைன் போயிட்டு. ஏதோ சொல்ல வந்தா, அதுக்குள்ள போயிட்டு. செத்த பாரேன்.”

எமரன்சியா ஏறிப் பார்த்தாள். நேவிஸ் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அந்த முகத்துக்கு மேலே நின்றுகொண்டு எமரன்சியா டேப்பைத் தடவினாள், கம்பியைத் தொட்டாள், தொட்டுவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள்.

“தெரியலட்டி. நாளைக்குப் பாப்போம்.”

“நாளைக்கா? அவளுக்கு ட்யூட்டிட்டி... யக்கா, நான் உன்னையவே ட்டி போட்டுட்டேன் பாரு, மனசு ஒரு நிலையில இல்ல.” சிரிக்க முயன்றாள். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் மத்தியானம்தான் எமரன்சியா அந்தக் கம்பியை மறுபடி முறுக்கினாள். ஜெனிட்டா சொல்ல வந்தது, தான் உண்டாகியிருப்பதை. நேவிஸ் அதை மாமியார் வீட்டுக்காரர்கள் வாயால் கேட்ட பிறகுதான் மகள் வாயால் கேட்டாள். அப்போதும் இனிப்பு வாங்கிக்கொண்டு முதலில் எமரன்சியாவிடம்தான் வந்தாள். எமரன்சியா அதைத் தின்றாள்.

அதற்கு மூன்றாம் வாரம், கோயிலில் கல்லறைத் திருநாள் பூசை முடிய நேரமாகிவிட்டது. எமரன்சியா ஃபோனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தாள்; ஞாயிறு என்றாலும் நாலு மணிக்குள் வந்துவிடலாம் என்ற நினைப்பு. வந்து சேர்ந்தபோது ஐந்தேகால். குடம் மாற்றுவதற்காக நேவிஸிடம் எப்போதும் ஒரு சாவி உண்டு. கதவு திறந்திருந்தது. கூடத்திலேயே தொடங்கியிருந்தது: வரிசையாக ஒன்பது குடம் தளும்பி நிற்க, அதற்கப்பால் இட்லிப்பானை, குக்கர், பால்சட்டி, தோசை மாவுத் தூக்கு, கடைசியில் பூந்தொட்டியின் அடித்தட்டுக்கூட நிறைந்து, நடுவில் பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு நேவிஸ் நின்றிருந்தாள். கையில் எமரன்சியாவின் ஃபோன்.

“ஜெனிட்டாவா?” என்று கேட்டாள் எமரன்சியா.

“இல்லக்கா. கிளாட்வின். விடாம அடிச்சான், பயந்துட்டு எடுத்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருக்கான்னேன். சரி அத்தை, நீங்க எப்படி இருக்கீங்கன்னான். பேச ஆரம்பிச்சிட்டான்.”

“எவ்வளவு நேரம்?”

“தெரியலியே. பாத்திரம் தீந்துபோச்சு, அப்பந்தான் வச்சேன்.”

எமரன்சியா குனிந்து, குக்கரிலிருந்த தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தாள். குளிர்ச்சியாக, லேசாக இரும்பு வாடையோடு, அவள் வாழ்நாளில் குடித்ததிலேயே நல்ல தண்ணீராக இருந்தது. அப்படியே ஈரக்கையோடு தரையில் உட்கார்ந்தாள்.

“என் வயித்துல பிறந்தவன்,” என்றாள். “அஞ்சு மாசமா எனக்கு ஒரு சொட்டு இல்ல. உனக்குத்தான் வீடு நிறைய மவ ஊத்துதாளே, நேவிசு. இதுவும் உனக்குத்தானா?”

நேவிஸ் பாவாடையை இறக்கிவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“நான் என்னத்தக்கா செஞ்சேன். அவன் சொன்னான், நான் ம்முன்னேன். கூட வேலை பாத்த ஃபிலிப்பைன் பையன் ஆவணியில கடல்ல விழுந்துட்டானாம், தேடிக் கிடைக்கலையாம். அன்னிலேருந்து இவன் தூங்கல. கப்பல விட்டு இறங்கிரணும்னு இருக்கு, அம்மாட்ட எப்படிச் சொல்லன்னான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

நேவிஸ் தோசை மாவுத் தூக்கை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

“கோவிச்சுக்காத. நீ மூணு நிமிஷம் ஆனதும் வச்சிடுத.”

“யாரு?”

“நீதான். ஒருநாள்னு இல்ல, எல்லா நாளும். சொவத்துக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேக்கும்லா. ‘அப்புறம்’னு அவன் ஆரம்பிப்பான், நீ கெடியாரத்தப் பாத்துட்டு ‘வைக்கட்டா’ன்னுருவ. நானும் ஜெனியும் சிரிப்போம், எமரக்கா இன்னும் ட்யூட்டியிலதான் இருக்கான்னு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

எமரன்சியாவுக்குத் தெரியாது. பத்தொன்பது வருடம் மற்றவர்கள் பேச்சை அறுத்துப் பழகிய கண், அவளைக் கேட்காமலே சுவர்க்கடிகாரத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பேசியவர்களில் எத்தனை பேர் நாலாவது நிமிடத்தில் சொல்வதற்கு எதை வைத்திருந்தார்களோ. அவள் எழுந்திருக்கவில்லை. நேவிஸ்தான் குடங்களைக் கதவுக்கு வெளியே எடுத்து வைத்து, கீழே பார்த்து ஆட்களைக் கூப்பிட்டாள். கிளாட்வினின் தண்ணீரை அன்று குடியிருப்பே குடித்தது, நன்றாயிருக்கிறது என்று சொல்லியனுப்பியது.

அடுத்த ஞாயிறு எமரன்சியா யாரையும் சமையலறைக்குள் விடவில்லை. சங்கரவேல் பட்டியலைக் காட்டினார். “அண்ணாச்சி, இன்னைக்கு லைன் எனக்கு,” என்று கதவைச் சாத்தினாள். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினாள். குடம் வைக்கவில்லை, வைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்போம் என்று பயந்தாள்.

சாப்பிட்டியா, சாப்பிட்டேன். உடம்பு, நல்லாருக்கு. கப்பல் எங்கே, பிரேசில் பக்கம். அதற்குமேல் வழக்கமாக வரும் இடம் வந்தது. ‘வைக்கட்டா’ என்பதற்காக அவன் காத்திருப்பது அவளுக்குக் கேட்டது, அந்த மூச்சு கேட்டது. அவள் வாயைத் திறந்தாள். வேறு ஒரு வார்த்தையும் அங்கே இல்லை. நாலாவது நிமிடத்தில் பேச அவள் எப்போதும் எதையும் வைத்துக்கொண்டதில்லை. இருந்தது அந்த ஒன்றுதான்.

“நேவிசு மேல எனக்குப் பொறாமையா இருக்குய்யா,” என்றாள்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“ரொம்ப நாளா இருக்கு. அவ மவ பேசுத தண்ணிய நான் பிடிச்சு வைக்கேன். ஒருநாள் பொறுக்காம கம்பியப் பிடுங்கிட்டேன். அந்தப் பிள்ள வயித்துல இருக்கத மொதல்ல அம்மாட்டச் சொல்லணும்னு வந்தா, நான் சொல்ல விடல. யாருக்கும் தெரியாது. எனக்கு யாரும் ‘நான்தான்’னு ஃபோன் பண்ணுனதில்லய்யா, உங்க அப்பாகூட. ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் நான்தான் கோத்துக் குடுத்தேன். நீ அவகிட்டப் பேசுனியே, அன்னைக்கு உன்னையவே எனக்குப் பிடிக்கல. அப்படி ஒரு பொறாமை. இத வச்சிக்கிட்டு எப்படிச் சாப்பிட்டியான்னு மட்டும் கேக்க?”

நெடுநேரம் பேசினாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது, கடிகாரம் அரிசிக்குள் இருந்தது. மூச்சு வாங்க நிறுத்தியபோது, “அம்மா, ஒரு நிமிஷம்,” என்றான் கிளாட்வின். எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. “இங்க கேபின்ல மேல இருந்து தண்ணி விழுது.”

“மழையாய்யா?”

“மழை எப்படி உள்ள வரும். ஒயருல இருந்து வருது. படுக்கை பூரா நனைஞ்சிட்டு.”

ஒயருக்கு இன்னொரு முனை இருப்பதை அந்தக் குடியிருப்பில் அதுவரை ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

“ஏதாவது வச்சுப் பிடி. பாத்திரம் இல்லியா?”

“பூட்ஸ்தான் இருக்கு.”

“பூட்ஸ வை. எப்படி இருக்கு, குடிச்சுப் பாரு.”

உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“உவர்ப்பாத்தான் இருக்கு,” என்றான். “நம்ம அடிபம்புத் தண்ணி மாதிரி. நீ பேசும்மா, நிறுத்தாத. ஹெல்மெட்டும் இருக்கு.”

அன்று அவன் அந்த ஃபிலிப்பைன் பையனைப் பற்றி அவளிடமும் சொன்னான், பெயர், ஊர், அவன் விசிலடிக்கும் விதம் எல்லாமே. அவள் சமையலறையில் சொட்டு விழுந்ததா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மாலையில் நேவிஸிடம் போய் அந்தப் புதன்கிழமையைச் சொன்னாள். நேவிஸ் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே, காலிக்குடத்தை நீட்டினாள்.

தை பிறந்ததும், இணைப்புக் கொடுத்தவர்களின் ஆள் ஒருவன், யாரும் கூப்பிடாமலே, பழைய புகாரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். வீட்டில் யாரும் தடுப்பதற்குள் மொட்டைமாடியிலிருந்து பெட்டிவரை புது ஒயர் இழுத்து, ஒட்டுப்போட்டதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ‘இதை வச்சு எப்படிம்மா ஓட்டுனீங்க’ என்று கேட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து படம் தெளிவாக வந்தது. செவ்வாய்க்கிழமை லாரிக்கு எல்லோரும் மறுபடி வரிசையில் நின்றார்கள். கதீஜாவின் புருஷன் நிம்மதியாக வாரம் இருமுறை பேசினான் என்று சொன்னார்கள்.

கிளாட்வின் அந்தப் பங்குனியில் கப்பலைவிட்டு இறங்கினான். இப்போது கொச்சியில் ஒரு படகுப் பட்டறையில் மோட்டார் பழுது பார்க்கிறான். ஞாயிறு நாலு மணிக்குக் கூப்பிடுகிறான், சுவர்க்கடிகாரம் இன்னும் அரிசி டப்பாவுக்குள்தான் இருக்கிறது.